தெருவில் கிடந்த ஏழு பூசணிக்காய்

2022 நவம்பர் 2ஆம் திகதி காலை எழும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆங்கிலம் தெரியாது. கைத்தொலைபேசி மேசையில் கிடக்கிறது. பதறிப்போய், வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினால், மூலை திரும்பி ஆடி அசைந்து வருகிறா. மரக்கறிக் கடைக்குக் கொண்டுபோகும் இரண்டு சில்லு வண்டில் பின்னால் இழுபடுகிறது. அதற்குள்ளும் கையிலுமாக ஏழு பூசணிக்காய்.

"றோட்டுக் கரையில எறிஞ்சு வைச்சிருக்கினம் பிள்ளை. ஒண்டும் பழுதில்லை. தட்டிப் பாத்துத்தான் எடுத்தனான்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் தெருவில் எல்லா நாட்டு ஆட்களும் இருக்கிறார்கள். அத்தனை பேருடைய வாசலிலும் அம்மா குனிந்து நிமிர்ந்திருக்கிறா. "அது அவை குப்பைக்காரனுக்கு வைச்சது அம்மா" என்றேன். "அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

ஒக்டோபர் 31 இரவு வாசலில் பூசணி முகம் வைத்து, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போகிற பண்டிகைதான் ஹலோவீன். எங்கள் வீட்டு ஹலோவீன் உண்மையில் மாறத் தொடங்கியது அந்த ஏழு பூசணிக்காயிலிருந்துதான். அதற்கு முதல் நானும் முயற்சி செய்யாமல் இல்லை. செய்ததில் பாதி பிழைத்துப் போனது, அதையும் சொல்லவேண்டும்.

இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தது 2018இல். அதுவரை அடுக்குமாடி வாழ்க்கை, ஹலோவீன் என்றால் லிப்டில் ஏறி இறங்கி நாலு கதவு தட்டுவது. சொந்தமாக ஒரு வாசல் கிடைத்ததும் எனக்குப் பெரிய புளுகம். ஒக்டோபர் பிறந்ததும் டொலர் கடைக்குப் போய், பஞ்சு மாதிரி இழுத்துக் கட்டுகிற பொய்ச் சிலந்திவலை ஐந்து பைக்கற், பிளாஸ்ரிக் எலும்புக்கூடு, காற்றடித்தால் எழும்பி நிற்கிற கறுப்புப் பூனை எல்லாம் வாங்கினேன். ஐந்து வயது மூத்தவளுக்கு இணையத்தில் 35 டொலருக்கு ஓர் இளவரசி உடுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போய் மத்தியானத்துக்குள் தையல் விட்டுவிட்டது. அதிலிருந்து கொட்டிய மினுக்கம் தைப்பொங்கல் வரைக்கும் கம்பளத்தில் மினுங்கியது.

அடுத்த வருஷம் அந்தச் சிலந்திவலையில் ஒரு குருவி மாட்டியது. கருந்தலைச் சிட்டு, இங்கே சிக்கடீ என்பார்கள், உள்ளங்கையில் அடங்கும். வாசல் பற்றைமேல் நான் வடிவாக விரித்துக் கட்டியிருந்த நாரில் காலும் ஒரு சிறகும் சுற்றிக் கிடந்தது. அந்த நார் பொலியெஸ்ரர், மயிரை விட மெல்லியது, இழுக்க இழுக்க இறுகும். இவர் நகம் வெட்டுகிற கத்தரிக்கோலோடு இருபது நிமிடம் முழங்காலில் நின்றார். கடைசியில் பறந்துவிட்டது. மூத்தவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. வௌவாலும் வண்டுகளும் இப்படித்தான் மாட்டும் என்று பிறகுதான் அறிந்தேன். இப்போது எங்கள் வீட்டில் வலை கட்டுவதென்றால் விரல் மொத்தக் கயிறு, கை நுழைகிற அளவு ஓட்டை, அதுவும் கூரைக்குக் கீழே கதவோடு மட்டும். செடியிலோ பற்றையிலோ இல்லை. அதே கயிறு ஆறாவது வருஷமாக ஓடுகிறது.

அந்த 2019இல் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கொண்டுவந்த இனிப்பை நிலத்தில் கொட்டி எண்ணினோம், 147. இங்கே பிள்ளைகள் அதைக் கண்டி என்பார்கள். அம்மா வந்த புதிதில் அதைக் கேட்டுவிட்டு, "கண்டிக்கு ஏன் இந்த இருட்டில போகுதுகள்?" என்று கேட்டது வேறு கதை. 147ஐயும் பார்த்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கப்பட்ட சீனி 25 கிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் சொன்ன அளவு. ஹலோவீனுக்குக் கொடுக்கிற குட்டிச் சொக்லேட் ஒன்றில் ஏறத்தாழ 8 முதல் 10 கிராம் சீனி. மூன்று தின்றால் அன்றைய கணக்குச் சரி. சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. நான் எண்ணி முடிப்பதற்குள் அவன் நாலு முடித்திருந்தான்.

அதற்கு ஒரு தந்திரம் கேள்விப்பட்டேன். இனிப்பை எல்லாம் தலைமாட்டில் வைத்தால் இரவில் சூனியக்காரி வந்து எடுத்துக்கொண்டு, பதிலுக்கு விளையாட்டுச் சாமான் வைத்துவிட்டுப் போவாளாம். செய்தேன். விளையாட்டுச் சாமான் பிளாஸ்ரிக், அது கிடந்த பெட்டி பிளாஸ்ரிக், பெட்டிக்குள் அதைக் கட்டி வைத்திருந்த கம்பியும் பிளாஸ்ரிக். இரண்டு நாளில் சாமான் உடைந்தது. மூன்றாம் நாள் மூத்தவள் வந்து, "சூனியக்காரி ஏன் கண்டி எல்லாத்தையும் அப்பாவின்ர காருக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறா?" என்று கேட்டாள். அதோடு அந்தத் தந்திரம் முடிந்தது.

2020இல் கொரோனா. வீடு வீடாகப் போகவேண்டாம் என்று ரொறன்ரோவில் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது. பிள்ளைகள் அழுதார்கள். வேறு வழியில்லாமல் பின்வளவில் இருபது இனிப்பை ஒளித்துவைத்து, ஆளுக்கொரு டோர்ச் லைட்டைக் கொடுத்து விட்டோம். இவர் பழைய வெள்ளை வேட்டியைத் தலையில் போர்த்துக்கொண்டு கராஜுக்குப் பின்னால் நின்று உறுமினார். ஒரு மணித்தியாலம் கூத்து. இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளிடம் நல்ல ஹலோவீன் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது இருட்டு. நேரத்தோடு படுக்கச் சொல்லுகிற அப்பா அம்மாவோடேயே இருட்டுக்குள் நடப்பது. கடையில் வாங்கியதெல்லாம் என்னுடைய புளுகத்துக்கு வாங்கியவை.

சரி, பூசணிக்காய்க்கு வருகிறேன்.

அம்மா ஏழையும் குசினி நிலத்தில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தா. பெரியவை நாலு, நடுத்தரம் இரண்டு, ஒரு சின்னது பச்சையும் மஞ்சளுமாக முண்டு முண்டாக. பெரியவை முகம் வெட்டுவதற்கென்றே வளர்க்கிற சாதி. ஹவ்டன் என்ற வகைதான் வட அமெரிக்காவில் இதற்கு அதிகம். தோல் நேராக நிற்கும், காம்பு தடித்திருக்கும், உள்ளே தண்ணீரும் நாரும் கூட. இனிப்பு மட்டு. நடுத்தரமானது இங்கே பை (pie) என்ற இனிப்புப் பலகாரம் செய்கிற பூசணி, சதை இறுக்கம், எங்கள் ஊர்ப் பூசணிக்குக் கிட்ட வரும். எல்லாம் உண்ணக்கூடியவைதான், சமைக்கிற விதம்தான் வேறு. பெரியதைத் தேங்காய்ப் பாலில் போட்டால் கஞ்சியாகிவிடும். அதை அம்மா துண்டாக்கி உப்புப் பிரட்டி அரை மணித்தியாலம் வைத்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகத்தோடு பிரட்டல் கறியாக வைத்தா. மிச்சம் துருவி ரொட்டி மாவுக்குள் போனது. பை பூசணிதான் பால்கறிக்கு.

ஆறாவது வரையும் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஏழாவது அந்த முண்டுப் பூசணி. கறி வைத்து வாயில் வைத்தால் வேப்பங்காய் தோற்றது. அம்மா உடனே துப்பிவிட்டு, சட்டியோடு தூக்கிக் கொட்டிவிட்டா. "பேய்ச்சுரை மாதிரி இது பேய்ப்பூசினி" என்றா. எங்கள் மொழியில் கசக்கிற காட்டு வகைக்கெல்லாம் பேய் என்று முன்னொட்டு உண்டு, பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்று. பேய்களின் பண்டிகையில் அது வந்து சேர்ந்தது பொருத்தம்தான். ஆனால் பகிடி இல்லை. அழகுக்கு வளர்க்கிற இந்தச் சின்ன வகைகளில் குக்கர்பிற்றசின் என்ற கசப்பு நஞ்சு இருக்கும், சமைத்தாலும் போகாது, வயிற்றைப் புரட்டிவிடும். எந்தப் பூசணியையும் சமைக்க முதல் நெல்லளவு சதையை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுவதையும் எறியவேண்டும். கொஞ்சம் கூடச் சீனி போட்டுச் சரிக்கட்டுகிற வேலை வேண்டாம்.

முகம் வெட்டி வாசலில் இரண்டு நாள் கிடந்த பூசணியையும் சாப்பிடக் கூடாது. தூசி, மெழுகு, புகை, அணில் வாய் எல்லாம் பட்டிருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும். அம்மா கொண்டுவந்தவை வெட்டாதவை, அதனால் தப்பினோம். இப்போது நாங்கள் முகம் வெட்டுவது ஒன்றே ஒன்றில்தான். வெட்டுகிற அன்றே, விளக்கு வைக்க முதல், உள் சதையைக் கரண்டியால் வழித்தெடுத்துக் குசினிக்குக் கொண்டுபோய்விடுவோம். சுவர் மெல்லிதானால் வெளிச்சமும் வடிவாக வரும். விதையைக் கழுவி உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் அவித்து, துணியில் உலரவிட்டு, மிளகாய்த்தூளும் கொஞ்சம் எண்ணெயும் பிரட்டி ஓவன் அடுப்பில் 325 டிகிரி பாரன்ஹைட்டில் இருபது இருபத்தைந்து நிமிடம். இடையில் ஒருக்கால் கிளறவேண்டும். அவித்துவிட்டு வறுத்தால் உப்பு உள்ளே போகும், தோலும் மொறுமொறுவென்று வரும். எங்கள் வீட்டில் இது சொக்லேட்டுக்கு முதல் முடிகிறது, நம்பினால் நம்புங்கள்.

மற்றவற்றை வெட்டாமலே முகம் வைக்கிறோம். அது அம்மாவின் யோசனை. முதல் ஹலோவீன் இரவு அவ வாசலில் நின்று அயல் வீட்டுப் பூசணி முகங்களை எல்லாம் பார்த்துவிட்டு, "இது நாவூறுக்கு வைக்கிறதோ?" என்று கேட்டிருந்தா. புது வீட்டுக்கு நீத்துப்பூசணியில் முகம் கீறித் தூக்குவதைப் பார்த்தவவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் சனம் ஆவி அண்டாமலிருக்கக் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்ததும், அமெரிக்காவுக்கு வந்த இடத்தில் பூசணி பெரிதாகவும் மெத்தென்றும் கிடைத்ததால் அதற்கு மாறியதும் நான் விளங்கப்படுத்தினேன். "அப்ப நாவூறுதானே" என்று முடித்துவிட்டா.

அடுத்த வருஷம் அரிசிமாவைக் கூழாகக் கரைத்து வெள்ளைக்கும், கரியை அரைத்துக் கறுப்புக்கும் எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று பூசணியில் முகம் கீறினா. மீசை வைத்த முகம். தெருவில் அப்படி ஒரு முகம் யாரிடமும் இல்லை. மறுநாள் காலை பார்த்தால் இரண்டு முகத்தைக் காணவில்லை, அணில் நக்கிவிட்டது. அரிசிமாவை வெளியே வைத்தால் அணில் விடுமா? அதோடு மூக்கையும் கரம்பிவிட்டுப் போயிருந்தது. இப்போது 31ஆம் திகதி பின்னேரம்தான் கீறி வைக்கிறோம், இரவு பத்து மணிக்கு உள்ளே எடுத்துவிடுகிறோம். அணிலைத் துரத்தப் பூசணிமேல் பிளீச் அடிக்கிறவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். கடிக்கிற பிராணிக்கும் கேடு, பிறகு உரமாகிற மண்ணுக்கும் கேடு. எங்கள் முகங்கள் ஒரு ஈரத்துணியில் போய்விடும். வெட்டுக் காயம் இல்லாத பூசணி, உறையாத குளிரான இடத்தில், நத்தாரையும் தாண்டிக் கிடக்கும். உறைந்து இளகியதை மட்டும் நம்பவேண்டாம், உள்ளே சொதசொதத்துவிடும்.

விளக்கு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். மின்கல விளக்கு பாதுகாப்பு என்பார்கள். அதற்குள் இருக்கிற சின்னப் பொத்தான் மின்கலத்தைப் பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயைச் சுட்டுவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்களிடம் விளக்கீட்டுக்கு வைக்கிற மண் சிட்டி ஒரு பெட்டி இருந்தது. அதில் ஒன்றை எண்ணெயும் திரியும் போட்டு வெட்டின பூசணிக்குள் வைத்தோம். அந்த வெளிச்சத்துக்கு ஈடே இல்லை. ஆனால் வாசற்படியில் இல்லை, பிள்ளைகள் நடக்கிற பாதையிலிருந்து தள்ளி, யன்னல் ஓரத் திண்ணையில். நிலத்தில் இழுபடுகிற பொலியெஸ்ரர் உடுப்போடு கதவுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கீழே நெருப்பு இருக்கவே கூடாது.

கதவு தட்டுகிற பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் நான் கூடப் பிழை விட்டேன். முதலில் ஆரோக்கியம் என்று நினைத்து மண்டரின் தோடம்பழம் கொடுத்தேன். அடுத்த நாள் மூன்று பழம் எங்கள் புல்லிலேயே கிடந்தது. பொதி செய்யாத பண்டத்தைத் தெரியாத வீட்டிலிருந்து வாங்கினால் பெற்றோர் எறிந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானும் எறிவேன். வீட்டில் செய்த பலகாரமும் அப்படித்தான். அம்மா ஒரு சட்டி எள்ளுருண்டையோடு கதவடியில் நின்றதை மறித்தது எனக்கே கவலை. எள்ளு கனடாவில் கட்டாயம் குறிப்பிடவேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று என்று சொன்னபோது அவ என்னைப் பார்த்தது, எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்த மாதிரி.

பிறகு உண்ணாத சாமான் கொடுத்துப் பார்த்தேன். சின்னவன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாமை. அந்தத் தாய்தான் நீலப்பச்சைப் பூசணி பற்றிச் சொன்னா. 2012இல் டென்னசியில் ஓர் ஒவ்வாமைக் குழு தொடங்கி, 2014இலிருந்து அமெரிக்கா முழுக்கப் பரவி இங்கேயும் வந்த வழக்கம். வாசலில் அந்த நிறப் பூசணி இருந்தால், சாப்பாடு அல்லாத பரிசும் இங்கே உண்டு என்று அர்த்தம். நல்ல விஷயம், வைத்தோம். ஆனால் அதற்கென்று நான் வாங்கியது என்ன? டொலர் கடையில் நூறு பிளாஸ்ரிக் சிலந்தி மோதிரம், முறித்தால் ஒளிர்கிற குச்சி. ஒளிர்குச்சி ஒரு இரவோடு செத்துவிடும், திரும்பப் பாவிக்க முடியாது, கடித்தால் வாய் எரியும். சீனியிலிருந்து தப்பி பிளாஸ்ரிக்கில் விழுந்தேன். இந்த இரண்டும் இப்படி எதிரும் புதிருமாக இழுக்கும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

இப்போது இரண்டு கூடை. ஒன்றில் பென்சில், நிலத்தில் கீறுகிற சோக்குக்கட்டி. மற்றதில் சின்னக் காகிதப் பெட்டியில் வருகிற ஸ்மார்ட்டீஸ் என்ற சொக்லேட் உருண்டை. பெட்டி மீள்சுழற்சிக்கான நீலத் தொட்டிக்குப் போகும், பிள்ளைக்கும் அது இனிப்புத்தான். முழுக்கச் சீனி இல்லாமல் செய்யப்போனால் தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதில் எனக்கு விருப்பமில்லை. ஒவ்வாமை உள்ள பெற்றோருக்கு இன்னொன்று. குட்டிப் பொதிகளில் பல தடவை உள்ளடக்கம் அச்சிட்டிருக்காது, பெரிய பொதியில் உள்ளதும் குட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. அதனால் வெளிப்பையை நான் எறியாமல் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டலாம்.

எங்கள் பிள்ளைகள் கொண்டுவருகிற இனிப்பை என்ன செய்வது? பெரிய மாற்றம் ஒரு சின்ன வேலையில் வந்தது. 31ஆம் திகதி பின்னேரம் ஐந்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பாடு. புட்டும் பூசணிப் பால்கறியும் பொரித்த முட்டையும். சூரியன் ஆறு மணிக்குச் சற்றுப் பின் மறையும், அப்போதுதான் கிளம்புவது. முந்தி பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு வெறும் வயிற்றில் வெளிக்கிட்டு வழியெல்லாம் தின்றுகொண்டு போவார்கள். வயிறு நிறைந்த பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது எங்கள் பல் வைத்தியர் சொன்னது. ஒரு நாளில் எத்தனை இனிப்பு என்பதை விட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவை சீனி உள்ளே போகும்போதும் வாயிலுள்ள கிருமி அமிலம் சுரக்கும், உமிழ்நீர் அதைச் சமப்படுத்த அரை மணித்தியாலம் போகும். ஒன்றைத் தின்று அரை மணித்தியாலத்தில் இன்னொன்று என்றால் பல்லுக்கு ஓய்வே இல்லை. ஆகவே இரவுச் சாப்பாட்டோடு, ஒரே இருப்பில், பிறகு தண்ணீர், பிறகு பல் தீட்டல். இழுபடுகிற ரொபி வகையை விடச் சொக்லேட் திறம், வாயில் ஒட்டிக்கொண்டு கிடக்காது. முதல் இரவு எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று விட்டுவிடுகிறோம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொல்கிற வழி அது, ஒளிக்க ஒளிக்கத்தான் ஆசை கூடும் என்பது. எனக்கு முதலில் நெஞ்சிடிதான். முதல் வருஷம் சின்னவன் பதினொன்று தின்று சத்தி எடுத்தான். அடுத்த வருஷம் ஐந்தோடு தானாக நிறுத்தினான்.

எத்தனை வீடு போவது என்பதையும் முன்னரே பேசிக்கொள்கிறோம். ஒரு தெரு, ஒரு சுற்று. பிளாஸ்ரிக் பூசணி வாளிக்குப் பதில் தலையணை உறை, அது இங்கத்தைய பழைய வழக்கமும்கூட. இவர் 90களில் சிறுவனாக இங்கே வந்தவர். அப்போது தலையணை உறையோடு கழுத்தில் யுனிசெப்பின் செம்மஞ்சள் உண்டியலும் தொங்குமாம், இனிப்போடு சில்லறையும் சேர்ப்பார்களாம். கனடாவில் 2006ஓடு அந்தப் பெட்டி நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பேசினால் இவருக்கு இன்னும் தொண்டை அடைக்கும், எனக்குச் சிரிப்பு வரும்.

மிட்டாய் உறைகளுக்கு எங்களிடம் தீர்வு இல்லை. பிளாஸ்ரிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிய மெல்லிய தாள், மொத்தமும் கறுப்புப் பைக்குள்தான். ரொறன்ரோக் குப்பை போய்ச் சேர்வது லண்டனுக்குப் பக்கத்தில், ஒன்ராறியோ லண்டனைச் சொல்கிறேன், கிரீன் லேன் என்ற குப்பைமேட்டுக்கு. 200 கிலோமீற்றர் அளவில் வண்டிப் பயணம். குறைய வாங்கினால் குறையப் போகும், வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

உடுப்பு எங்கள் வீட்டில் இலகுவாகத் தீர்ந்தது, அதற்குக் காரணம் குளிர். கனடாவில் ஹலோவீன் உடுப்பு என்றால் உள்ளே குளிர்க் கோட்டுப் போட இடம் இருக்கவேண்டும். இளவரசிக் கவுனின் மேல் கோட்டைப் போட்டால் இளவரசி தெரியமாட்டாள். எனவே பெரிய, தொளதொளத்த, பழைய துணி. இவரின் வேட்டி மூன்று வருஷம் ஆவியாக உழைத்தது. அம்மாவின் சாயம் போன நூல் சேலை ஒன்று வௌவாலாயிற்று, சிறகுக்குக் கொசுவம் வைத்தே தைத்துக் கொடுத்தா. மிச்சத்துக்கு வலியூ வில்லேஜ் என்ற பழைய சாமான் கடை. ஒக்டோபரில் அந்தக் கடைக்குள் நடக்க இடமிருக்காது, ஆனால் செப்டெம்பர் கடைசியில் போனால் எல்லாம் கிடைக்கும். பிந்திப் போனால் திரும்பவும் புதுப் பொலியெஸ்ரர்தான். நான் விட்ட செலவுகளில் பாதி கடைசி இரண்டு நாளில் விட்டவை. கறுப்புத் துணி என்றால் முதுகில் வெளிச்சம் தெறிக்கும் பட்டி ஒன்று ஒட்டிவிடுங்கள், கார்க்காரனுக்கு வௌவால் தெரியாது.

வெட்டின பூசணியின் முடிவு பச்சைத் தொட்டி. மெழுகு, சிட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போடவேண்டும். மாநகரம் பச்சைத் தொட்டிக் கழிவைக் காற்றில்லாமல் நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கிறது, மிச்சம் உரமாகிறது. அதே பூசணி கறுப்புப் பைக்குள் போனால் குப்பைமேட்டில் மூச்சில்லாமல் அழுகி மீதேனாகும். ஒரு வருஷம் நவம்பர் 1ஆம் திகதி நகரின் மறு கோடியிலுள்ள சொராரன் பூங்காவுக்குப் போனோம். 2004இலிருந்து அங்கே சனம் தங்கள் வெட்டின பூசணிகளைக் கொண்டுவந்து பாதை நெடுக வரிசையாக வைத்து ஒருக்கால் கடைசியாக விளக்கேற்றுவார்கள், முடிய மாநகர வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். இருட்டில் பாதை முழுக்க முகங்கள். திருவிழாவில் நடந்த மாதிரி இருந்தது. அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்துதான், "அவ்வளவும் கறிக்கு ஆகியிருக்கும்" என்றா.

2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாள், ஒக்டோபர் 31. அந்த வருஷம் அதிசயமாகச் சூடு, கோட்டில்லாமல் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். நான்கு நாள் முதல் வெட்டிய எங்கள் பூசணி மட்டும் அந்தச் சூட்டில் வாய் கோணி உள்ளுக்கு விழுந்துவிட்டது. குளிரென்றால் ஒரு கிழமை தாங்கும், சூடென்றால் முந்தின நாள்தான் வெட்டவேண்டும், வானிலை பார்க்காமல் கத்தி எடுக்காதீர்கள். காலை எண்ணெய் வைத்து முழுக்கு, புது உடுப்பு, கோயில், ஆட்டிறைச்சிக் கறி. பின்னேரம் பேய். எது எந்தப் பண்டிகை என்று சின்னவனுக்குக் குழம்பிப்போய், கதவு திறந்த ஒரு தமிழ் அன்ரியிடம் "ஹப்பி தீபாவளி, ட்ரிக் ஓர் ட்ரீற்" என்று சொல்லி இரண்டு பங்கு வாங்கிக்கொண்டு வந்தான்.

போன வருஷம், 2025, உடுப்புப் பிரச்சினையே இருக்கவில்லை. அன்று இரவு ரொறன்ரோவில் எங்கள் பேஸ்போல் அணி புளூ ஜேய்ஸின் உலகத் தொடர் ஆறாவது ஆட்டம். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் ஏற்கெனவே இருந்த நீல ஜேர்சியோடு வந்து நின்றார்கள். அப்பாமார் எட்டு மணிக்கு முதல் வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டு ஓட, இனிப்புச் சேர்ந்தது பாதிதான். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. 3க்கு 1 என்று தோற்றார்கள், அது வேறு. வறுத்த பூசணி விதை ஒரு போத்தல் அந்த இரவோடு காலி.

மறுநாள் காலை அம்மா வண்டிலை வெளியே எடுக்கவில்லை. எடுக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் வாசற்படியில் நாலு பூசணி, எல்லாம் வெட்டாதவை. ஒன்றில் மட்டும் தாள் ஒட்டி, ஆங்கிலத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். பாட்டிக்கு, வெட்டவில்லை, வண்ணம் பூசவில்லை என்று. நான் வாசித்துச் சொன்னேன். அம்மா குனிந்து, விரல் மடித்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தா.

"இது முத்தேல்லை" என்றா. "மற்றதை உள்ள எடு."